பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெண்

என் அக்காள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் நகரத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் லிஃப்ட் எல்லாம் அவர் கை பட்டுத்தான் ஓடுகின்றன. ஒப்பந்த ஆள்தான், ஆனாலும் "எங்க யுனிவர்சிட்டி" என்பார், ஏதோ அவர் பேருக்கு எழுதிவைத்த மாதிரி. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷக்கணக்காக உழைத்தும் கேன்டீனில் ஊழியர் விலைக்கு ஒரு டீ கிடையாது. இதில் எங்கவாம், எங்க.

மாமாவுக்கு ஒரே ஆசை, மகள் அங்கே கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சின்ன வயதிலேயே லிஃப்ட் ஏன் அறுந்து விழுவதில்லை என்று அவரைத் துளைத்தெடுத்தவள். வேறு கல்லூரியின் பெயர் அந்த வீட்டில் பேச்சுக்குக்கூட வந்ததில்லை. தனியார் கல்லூரிக்குக் கொட்டி அழ அவர்களிடம் வசதியும் இல்லை.

அவள் பத்தாவது முடித்தபோது நகரத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அக்கா தையல் மிஷினைக் கடகடவென்று ஓட்ட, இவள் குளியலறை வாசலில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு படிப்பாள். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பக்கத்து மாநிலம். அங்கே அதே வாடகைக்கு இரண்டு அறை. காய் வாங்கவும் பல் பிடுங்கவும் நாங்கள் பாலம் தாண்டிப் போய் வருகிறவர்கள்தான், அது வேறு மாநிலம் என்று எங்களில் யார் நினைத்தது? பெண்ணுக்கென்று ஓர் அறை, அதற்கு ஒரு கதவு. பஸ்ஸில் வீணாகிற நேரத்திலும் படிக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தையும் வீட்டுப் பக்கத்திலேயே பார்த்துச் சேர்த்தார். அலைச்சல் தன்னோடு போகட்டும் என்றார். சொந்தக்காரர்கள் எல்லோரும் மெச்சினார்கள். அப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நானே சொன்னேன்.

அவளும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். மார்க்கும் கொட்டியது. விண்ணப்பம் போட வேண்டிய நாளில் மாமா அட்மிஷன் ஆபீஸுக்கு நேராகவே போனார். அங்கிருந்த கிளார்க் பழக்கமானவர். ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்தவரை மாமாதான் வெளியே எடுத்தார். அவர்தான் விதியை விளக்கினார். கடைசி இரண்டு வருஷம் எங்கே படித்தாளோ அந்த மாநிலத்துப் பெண் அவள். வெளிமாநிலத்தவருக்குத் தனி வரிசை, இடமோ விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாமா சட்டைப்பையிலிருந்து வேலை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறார்.

"அண்ணே, நீங்க எங்க வேலை பாக்குறீங்கன்னு இங்க யாரும் கேக்கல. பாப்பா எங்க படிச்சான்னுதான் கேக்குறாங்க" என்றார் கிளார்க்.

என் வீடு நகரத்துக்குள்தான் இருக்கிறது, என் விலாசத்தைக் கொடுங்கள் என்று நான் குதித்தேன். விலாசத்தை யார் கேட்டார்கள்? மார்க் ஷீட்டிலேயே பள்ளிக்கூடத்தின் பெயர் பல்லைக் காட்டுகிறது. வேறு வழியில்லாமல் வெளிமாநிலப் பெண்ணாகவே விண்ணப்பித்தாள். கிடைக்கவில்லை. பத்தாவது வரை அவளோடு ஒரே பெஞ்சில் இருந்த பெண்ணுக்கு, இவளைவிடக் குறைந்த மார்க்குக்கு, இடம் கிடைத்தது. அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை, தெரியும். ஆனாலும் என் வயிறு எரிந்தது. அன்றைக்கு மெச்சிய அதே வாய்கள் இப்போது, விசாரிக்காமலா வீடு மாறுவார்கள் என்றன. நாக்குக்கு நரம்பா இருக்கிறது?

சேர்க்கை நாளன்று மாமாவுக்கு அந்தக் கட்டடத்திலேயே டியூட்டி. லிஃப்டில் கூட்டம் அதிகம், பழுதாகிவிடக் கூடாது, கூடவே நில்லுங்கள் என்று உத்தரவு. சாயங்காலம் வரை அடுத்தவர் பிள்ளைகளை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

அன்று நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார், வேறு வழி இருக்கும் என்றார். கடைசியில் மகளைப் பார்த்து, "உனக்காகத்தானேம்மா எல்லாம் செஞ்சேன்" என்றார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நீ ஒண்ணுமே செய்யாம இருந்திருக்கலாம்ப்பா" என்றாள்.

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மாமா தட்டைப் பார்த்தபடியே, "ஆமாம்மா" என்றார்.