பள்ளிக்கூடத் தேர்தலும் என் அப்பாவின் ஊரும்

மகளின் பள்ளி நிர்வாகக் குழுவுக்குப் பெற்றோர் பிரதிநிதியாக நிற்கிறேன். இன்று லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உள்ள தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது, அவளோடு படிக்கும் பையனின் அப்பாவைக் கண்டு வாக்குக் கேட்டேன்.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு உதவும் டீச்சரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள், அதைத் தடுக்கத்தான் நிற்கிறேன் என்றேன். அவருடைய பையனும் அந்த டீச்சரிடம் போகிறவன்தான்.

"அது சரி தங்கச்சி, நீங்கள் ஊரிலை எவடம்?"

"நான் இங்கை பிறந்தனான், அண்ணை."

"அப்பா எவடம்?"

சொன்னேன். ஊரை வைத்தே சாதியைக் கணித்தவர்போல் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ம்ம், பாப்பம்."

என்னை எதிர்த்து நிற்பவர் ஒரு வெள்ளைக்காரர். அவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்பாவின் ஊர் எதுவென்று கேட்காமல் இருக்க முடியாதவர்கள், முதலில் உங்கள் பிள்ளையின் வகுப்பு டீச்சர் பெயரைக் கமெண்டில் எழுதுங்கள். பிறகு ஊரைச் சொல்கிறேன்.