ஆடிட் நாளில் மட்டும் திறக்கும் கதவு

மாயம்மாளுக்கு வலது ஆள்காட்டி விரல் பாதிதான் உண்டு. மீதியை அவளுடைய பதினாறாவது வயதில் ஒரு நூற்பாலை வாங்கிக்கொண்டது. அன்றைக்கு மேஸ்திரி ஒரு கிழிசல் துணியைச் சுற்றிவிட்டு, ரெண்டு நாள் லீவு எடுத்துக்க என்று சொல்லி வடமதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. அந்தக் காலத்தில் ஆலைக்குள் முகமூடி கிடையாது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, வேலைக்கு வருகிற பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்பாரும் கிடையாது.

அதனால்தான் ஆலை நூலை வாங்கும் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் தங்கள் நன்னடத்தை விதிகளைத் தூக்கிக்கொண்டு வேடசந்தூர்ப் பக்கம் வந்தபோது மற்றவர்கள் கேலி பேச, மாயம்மாள் மட்டும் பேசவில்லை. கேலிக்கு இடம் இருக்கத்தான் செய்தது. ஒரு கம்பெனி தன் விதிப் பலகையை வாசலில் மாட்டச் சொல்லும், இன்னொன்று சாப்பாட்டு அறையில் மாட்டச் சொல்லும். மூன்றாவது கம்பெனிக்காரர் தீயணைப்பு உருளை எத்தனை அடி உயரத்தில் தொங்குகிறது என்று டேப் பிடித்து அளப்பார். பலகையில் இருந்த தமிழோ, எழுதியவருக்கே புரிந்திருக்காது. ஆனாலும் தாழ்ப்பாள் வந்தது. முகமூடி வந்தது. பதினாலு வயதுப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். தன் காலத்தில் இவர்கள் வந்திருந்தால் விரல் மிஞ்சியிருக்கும் என்று அவள் மனதார நம்பினாள். அந்த நம்பிக்கை பொய்யும் இல்லை.

முப்பது வருடம் மெஷினோடு நின்று கால் நரம்பு சுருண்ட பிறகு, ஆலை அவளை நலப் பொறுப்பாளர் ஆக்கியது. பெயர்தான் பெரிது. விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க அந்தக் கம்பெனிகள் ஆள் அனுப்பும் ஆடிட் வருவதற்கு முன்னால் பெண்களைத் தயார்செய்வதுதான் வேலை. இந்தச் சோதனையோ பதினைந்து நாளைக்கு முன்பே தேதி எழுதி அனுப்பிவிட்டு வருகிற சோதனை. திருடனுக்குச் சொல்லிவிட்டு ரோந்து போகிற மாதிரி. அந்தப் பதினைந்து நாளும் மாயம்மாள் தொண்டை வறளச் சொல்லிக் கொடுப்பாள். கேள்வி இன்னது, பதில் இன்னது. சைரன் அடித்தால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, தரையில் வரைந்திருக்கும் பச்சை அம்பைப் பார்த்து வரிசையாகப் போக வேண்டும்.

நூலைக் கோன்களில் சுற்றும் கூடத்தில் இருந்த இருபத்தெட்டுப் பெண்களுக்கு அம்பு காட்டியது பின் கதவை. அது இரும்பு ஷட்டர். ஒருமுறை அந்த வழியாக நூல் திருட்டுப் போனதிலிருந்து வெளிப்பக்கம் பூட்டுப் போட்டார்கள். லாரிக்குக் காத்திருக்கும் கோன் பெட்டிகளைக் கூடத்துக்கு உள்ளே அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு அடுக்கினார்கள். நடுவில் ஒரு ஆள் ஒடுங்கிப் போகிற சந்து மட்டும் மிஞ்சும். ஆடிட்டுக்கு முதல் நாள் பெட்டிகள் போய்விடும், பூட்டும் போய்விடும், ஷட்டருக்கு எண்ணெய் விடுவார்கள். ஆடிட் முடிந்த மறுநாள் எல்லாம் பழையபடி வந்து உட்காரும்.

மாயம்மாளுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தாமல் இல்லை. மானேஜர் ஜெரோமிடம் போய் நின்றாள்.

"சார், பூட்ட மட்டுமாவது எடுத்துரலாம் சார். பிள்ளைகள அங்கிட்டுத்தான ஓடப் பழக்கிருக்கோம்."

"அடுத்த திருட்டுக்கு நீ பதில் சொல்லுவியா மாயம்மா?" என்றார் ஜெரோம். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். "இன்னும் ரெண்டு லோடு போகட்டும். பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

தங்கச்சி மகள் ஜீவிதாவும் அந்தக் கூடத்தில்தான் வேலை பார்த்தாள். மாயம்மாளே கூட்டிவந்து சேர்த்த பிள்ளை. சொன்னதைக் கற்பூரமாய்ப் பிடித்துக்கொள்வாள் என்பதால் ஒத்திகையில் வரிசைக்கு முன்னால் அவளைத்தான் நிறுத்தியிருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜீவிதா கேட்டாள்.

"ஏன் பெரியம்மா, முன்வாசல் கிட்டக்கதான இருக்கு? தெனம் அங்கிட்டுத்தான வாரோம் போறோம். பின் கதவு பூட்டிக் கெடந்தா முன்னால ஓடியாந்துரலாம்ல?"

மாயம்மாளுக்கும் அது தெரிந்ததுதான். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஆடிட்டுக்கு வருகிறவர் முன்னால், பூட்டியிருந்தா முன்னால போவோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

"அப்படியெல்லாம் பேசக் கூடாது. அம்பு எங்கிட்டுக் காட்டுதோ அங்கிட்டுத்தான் போகணும். முன்வாசல்னு ஒன்னு இருக்குங்கறதையே மறந்துருங்க."

இருபத்தெட்டுப் பேரையும் நிறுத்தி அதையே சொன்னாள். ஒருமுறை இல்லை, பத்து முறை ஓட வைத்தாள். தெரியாமல் முன்வாசல் பக்கம் திரும்பியவளைத் திட்டினாள். கடைசி ஒத்திகையில் ஒருத்திகூடத் திரும்பவில்லை.

அந்த வருட ஆடிட்டுக்கு வந்தவர் தீபா என்று ஒரு பெண். பெங்களூரிலிருந்து வந்திருந்தார், தமிழ் பேசினார். மற்றவர்களைப் போலப் பேப்பரை மட்டும் பார்க்காமல் ஷட்டரின் ஓரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு மாயம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, இந்தக் கதவு எப்பவும் திறந்துதான் இருக்குமா? நீங்க சொல்றது வெளிய போகாது."

அந்த நேரத்தில் மாயம்மாளின் வாயில் உண்மை வந்து நின்றது. ஆனால் பக்கத்து ஆலையின் கதை அவளுக்குத் தெரியும். அங்கே குறை கண்டுபிடித்த கம்பெனி, குறையைச் சரிசெய் என்று நிற்கவில்லை. ஆர்டரை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. நானூறு பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். கூட நின்று திருத்த வைக்கிற கம்பெனியும் உண்டு, கையைக் கழுவிவிட்டுப் போகிற கம்பெனியும் உண்டு. இது எந்த ரகம் என்று அவளுக்கு யார் சொல்வது? உண்மையைச் சொன்னவளைத்தான் ஊர் தூற்றும்.

"எப்பவும் தொறந்துதாங்க மேடம் இருக்கும்," என்றாள்.

தீபா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ஆலைக்குச் சான்றிதழ் வந்தது. பெட்டிகள் மறுநாளே வந்துவிட்டன.

ஐந்து வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, பகல் மூன்று மணி. மாயம்மாள் ஆபீஸில் உட்கார்ந்து முகமூடிக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சைரன் அடித்தது. ஆடிட் இல்லாத நாளில் யார் இதை அமுக்கியது என்று எரிச்சலோடு எழுந்தாள். வெளியே வந்தால் கோன் கூடத்தின் கூரை விளிம்பில் கரும்புகை சுருண்டுகொண்டிருந்தது. ஏதோ ஒரு மோட்டாரில் விழுந்த பொறி, பஞ்சுத் தூசி வழியே கூரைக்கு ஓடியிருக்க வேண்டும்.

முன்வாசலுக்கு ஓடினாள். இரண்டு கதவும் ஆவென்று திறந்து கிடந்தன. அங்கே புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. ஆளும் இல்லை. யாராவது வருவார்கள் என்று நின்றாள். இருமிக்கொண்டே ஒரே ஒருத்தி வந்தாள். பவித்ரா, திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தவள். அவளுக்கு இன்னும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"மத்தவங்க எங்கடி?"

"எனக்குத் தெரிஞ்ச வழில நான் வந்துட்டேன்க்கா. அவங்க எல்லாரும் நீங்க சொல்லிக் குடுத்த வழில போயிட்டாங்க. ஜீவிதாதான் முன்னால கூட்டிட்டுப் போச்சு."

மாயம்மாள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஜெரோம் திண்டுக்கல் போயிருந்தார், சாவி அவர் பையில் இருந்தது. பாதி வழியிலேயே ஷட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது அடிவிளிம்பில் புகை கசிந்துகொண்டிருந்தது. பூட்டை இரண்டு கையாலும் இழுத்தாள். பிறகு ஷட்டரில் வாயை வைத்து, "திரும்பிப் போங்கடி, முன்வாசலுக்குப் போங்க, ஜீவிதா, முன்வாசலுக்கு" என்று கத்தினாள். உள்ளே தட்டுகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.