என்னை நீக்கக்கூடிய அக்கா

என்னை வேலையைவிட்டு நீக்க ஓர் ஆள் வேண்டும் என்று வக்கீல் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூட பஸ்கள் எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று கணக்குப் போட்டுத் தரும் சின்ன கம்பெனி அது. அமெரிக்காவில் நான் தொடங்கியது. ஆனால் சொந்தக் கம்பெனியில் வேலை பார்க்க விசா கேட்டால், இவள் நிஜமாகவே ஊழியர்தானா என்று சந்தேகப்படுவார்களாம். அதற்காக மூன்று பேர் கொண்ட போர்டு அமைத்தோம். நான், முன்பு என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா, அவர் கூட்டிவந்த இன்னொருவர். அவர்கள் இருவரும் சேர்ந்தால் என்னை வெளியே அனுப்பலாம். எல்லாம் ஒப்புக்குத்தானே என்று நினைத்தேன்.

பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்கச் சென்னைக்குக் கிளம்பும் சமயத்தில் அக்காவுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. கம்பெனியைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிடலாம் என்றார். நடக்கவே நடக்காது என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"சரி, ஊருக்குப் போயிட்டு வா, பேசிக்கலாம்" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

செம்பாக்கத்தில் அம்மா வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கணவரும் மகளும் என் விசாவை நம்பித்தான் அமெரிக்காவில் இருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் நான் இங்கே, ஏழு வயதுப் பெண் அங்கே. அம்மாவோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரிடமும், "என் பொண்ணு அங்க சொந்தக் கம்பெனிக்கு முதலாளி, விசாவுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"முதலாளின்னு சொல்லாதம்மா. ஸ்டாஃப்னு சொல்லு."

"ஏன்டி, ஆண்டவர்கிட்டயே மறைக்கணுமா?"

தூதரக அதிகாரி செம்பாக்கம் சர்ச்சில் வந்து உட்காரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான்.

நேர்காணல் அன்று தாம்பரத்திலிருந்து ரயிலில் போகும்போது வக்கீல் சொல்லிக்கொடுத்த பதிலை முணுமுணுத்துக்கொண்டே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளைஞர். எதிர்பார்த்ததையே கேட்டார்.

"கம்பெனி உங்களுடையது. உங்களை யார் நீக்க முடியும்?"

"போர்டு" என்றேன்.

"நிஜமாகவே நீக்குவார்களா?"

மனப்பாடம் செய்த வாக்கியம் மறந்தே போய்விட்டது. அக்காவின் அந்த அமைதியான குரல்தான் காதில் கேட்டது. வேலை போனால் விசாவும் போகும், விசா போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"நீக்குவார்கள்" என்றேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விசா தருவதாகச் சொல்லிவிட்டார். நான் சொன்னதை அவர் நம்பியதற்கு என் பயம்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

வெளியே நடைபாதையில் காத்திருந்த அம்மா, "ஸ்தோத்திரம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். "பாப்பாவுக்கு மொதல்ல போன் போடு, அழுதுகிட்டு இருக்கும்."

நான் அக்காவுக்குத்தான் முதலில் போட்டேன்.

"விசா கிடைச்சிடுச்சுக்கா" என்றேன். "நீங்க சொன்ன மாதிரியே கம்பெனிய வித்துடலாம்."