தவறான மைக்கில் பதிந்த குரல்

அன்று அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: சௌல்தாரியிலிருந்து பஸ்ஸில் வேலை கொடுக்க வந்த ஓர் அண்ணன், அவர் மனைவியான அக்கா, நான். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெல்டிங் கடைக்காரர். அவரையும் சேர்த்தால் நாலு. வேறு யாரும் இல்லை. இதைக் கணக்காகச் சொல்லக் காரணம், பிற்பாடு அந்தப் பதிவை எத்தனையோ முறை கேட்டேன். ஒவ்வொரு சத்தமும் யாருடையது என்று பிரித்தறிய வேண்டியிருந்தது.

எங்கள் தீவில், கராச்சர்மாவில் எனக்கு ஒரு சின்ன அறை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களே, அந்த விளம்பரங்களைத் தமிழிலும் இந்தியிலும் பேசிப் பதிந்து கொடுப்பது என் பிழைப்பு. ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கம்ப்யூட்டரை யாரும் சொல்லித் தரவில்லை, அது கெட்டுப்போகும்போதெல்லாம் பயந்து பயந்து கற்றுக்கொண்டதுதான். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில்கூட, எங்கேயோ ஏதோ தப்பாகிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி. கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டு ஆஸ்பத்திரியில் குரல்பெட்டியை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் கப்பல். அக்கா இருநூறு ரூபாயை மேசையில் வைத்தார். பாக்கி முந்நூறு வேலை முடிந்ததும்.

"என்ன பேசணும்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பெருசா வேணாம் தங்கச்சி. வேலை முடிஞ்சு வந்தா கேட்டுல நின்னு 'இந்தாடி'ன்னு கூப்பிடுவாரு. அது போதும். போன்ல புடிக்கலாம்னா, போனைக் கண்டாலே வாயை மூடிக்கிறாரு."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு துண்டு. அப்போதே குரல் கரகரவென்றுதான் இருந்தது.

முதல் தடவை எடுத்ததில் பேச்சுக்கு அடியில் ஒரு ரீங்காரம், வண்டு உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி. இது எனக்குப் பழக்கமான தொல்லை. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன், ரீங்காரம் நின்றது. ஆனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குமோ என்ற கவலை உடனே வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவதில் அண்ணன் மைக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து முழு மூச்சோடு கத்தினார். திரையில் சத்தத்தின் அளவு சிவப்பைத் தொட்டது. அப்படித் தொட்டால் அந்த இடத்தில் குரல் உடைந்துவிடும், பிறகு எதைப் போட்டும் ஒட்ட முடியாது. அளவைக் குறைத்து வைத்தேன்.

மூன்றாவது சுத்தமாக வந்தது. ஆனால் முழுக்க இந்தி. "யாத்ரி லோக் த்யான் தேங்" என்று தொடங்கி, பயணிகளை வரிசையில் நிற்கச் சொல்லி, சாமானைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி முடித்துவிட்டார். வாழ்நாளெல்லாம் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் மைக் பிடித்து அறிவிப்புச் சொன்னவர். மைக் முன்னால் வந்தால் அவர் வாயில் தமிழ் வராது. நம் தீவில் அரசாங்கத்துக்கு ஒரு வாய், வீட்டுக்கு ஒரு வாய் என்று பழகிப்போனவர்கள்தானே எல்லோரும்.

"நான் என்ன உங்க கப்பல்ல ஏற வந்தவளா?" என்றார் அக்கா.

"என்ன செய்யச் சொல்ற? இதைப் பாத்தா அதான் வருது."

அந்த நேரம் பார்த்து மழை. தகரக் கூரையில் கல் கொட்டுகிற மாதிரி. கூடவே கரண்டும் போனது. மைக்கை லேப்டாப்போடு சேர்க்கிற பெட்டி அணைந்து, பதிவு மென்பொருளும் அப்படியே உறைந்து நின்றது. அதை மூடினேன். மூன்று பேரும் இருட்டறையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் அந்தக் குரலில் கொஞ்சம் செலவாகிப் போகிறதே என்று இருந்தது எனக்கு.

கரண்டு வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி திறந்தேன். பதிவை அழுத்தினேன். பச்சைக் கோடு ஏறி இறங்கியது. வழக்கமாக மைக்கை நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, கோடு குதிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நம்புவேன். அதற்குள் பக்கத்து வெல்டிங் கடைக்காரர் இரும்பு அறுக்க ஆரம்பித்துவிட்டார். பதிவை ஓடவிட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

"பாயி, தோடா பந்த் கரோ, ரெக்கார்டிங் ஹை," என்று கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன்.

"இத்னி பாரிஷ் மே ரெக்கார்டிங்? மேண்டக் கா கானா ஹை க்யா, தீதி?" இவ்வளவு மழையில் தவளைப் பாட்டா பதிகிறாய் என்கிறார்! உள்ளே இருப்பது யார், நாளைக்கு எங்கே போகிறார் என்று சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். அறுக்கும் மெஷினின் ஒயரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் முடிக்கும்வரை அதைத் தொடவில்லை.

நான் திரும்பியபோது இருவரும் லேப்டாப் பக்கம் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று விலகினார்கள். அண்ணன் மைக் முன்னால் போய் உட்கார்ந்தார். இந்த முறை தமிழ்தான், ஆனால் ஜெட்டித் தமிழ். "அனைவரும் நலமாக இருக்க வேண்டும்" என்றார். கூப்பிட்டுக் காட்டச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"விடு தங்கச்சி. கிடைச்சதைக் குடு," என்றார் அக்கா. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பதிவைச் சுத்தம் செய்து பிறகு தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் கப்பல் போன பிறகுதான் நாலாவது பதிவைத் திறந்தேன். அண்ணன் குரல் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. லேப்டாப்பின் விசிறி காதுக்குள் இரைந்தது. பார்த்தால், பெட்டி அணைந்து எழுந்ததில் மென்பொருள் தானாகவே லேப்டாப்பில் பதிந்திருக்கும் சின்ன மைக்குக்கு மாறியிருக்கிறது. கரண்டு வந்த பிறகு நல்ல மைக்கின் முன்னால் அவர் பேசியது எதுவும் அதன் வழியாக வரவில்லை.

தொடக்கத்துக்குப் போனேன். நான் வெளியே இருந்த நேரம். குரல் பக்கத்தில், பளிச்சென்று.

"இந்தாடி, அந்தப் புள்ள வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்றேன். மிச்ச முந்நூறை இப்பக் குடுத்துடாத. கப்பல்ல கஞ்சிக்கு வேணும். திரும்பி வந்து நானே தர்றேன்னு சொல்லிரு."

"சரி."

"என் குரலை வச்சு என்னடி பண்ணப் போற? இத்தனை வருசமா வாயை மூடுய்யான்னுதான சொன்ன."

"மூடுய்யான்னு சொல்றதுக்காச்சும் சத்தம் வேணுமில்ல."

பிறகு மழை. பிறகு என் காலடி.

அந்த மழையை எடுத்துவிடப் பார்த்தேன். இரைச்சலை நீக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிறது. இன்னும் நீக்கினால் "இந்தாடி"யில் பாதிதான் மிஞ்சுகிறது. மழையும் அவரும் ஒரே இடத்தில் பதிந்திருந்தார்கள். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, மூலப் பதிவை மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்தேன். அப்படியும் காலையில் எழுந்ததும் அது இருக்கிறதா என்று திறந்து பார்ப்பேன்.

கடலில் சிக்னல் இல்லை. கரை சேர்ந்து ஆபரேஷனும் முடிந்த பிறகுதான் அக்கா போனில் கிடைத்தார். சொன்னேன். 'இந்தாடி' கிடைத்துவிட்டது, அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"அனுப்பாத தங்கச்சி. பேச முடியாம பக்கத்துலயே படுத்துருக்காரு. அவரு முன்னாடி நான் அதை எப்படிக் கேக்க? வந்து கேட்டுக்கிறேன். அழிச்சிராத."

அக்கா தனியாகத்தான் வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு புண் ஆறவேயில்லையாம். அங்கேயே காரியமெல்லாம் முடித்துவிட்டு வந்திருந்தார்.

ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஒரு முறை கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மழையைக் குறைக்க முடியவில்லை, மன்னிச்சுக்குங்க என்றேன். "இருக்கட்டும். அன்னிக்கு மழை பெஞ்சுதுல்ல," என்றார்.

போனில் ஏற்றிக் கொடுத்தேன். எழுந்தவர் பர்ஸைத் திறந்தார். நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி வெளியே எடுத்தவர், அப்படியே நின்றார். பிறகு திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"அவருதான் தர்றேன்னு சொல்லியிருக்காரு, கேட்டேல்ல?"

கேட்டேன் என்றேன்.

சௌல்தாரி பஸ்ஸில் எப்போதாவது அக்காவைப் பார்க்கிறேன். அவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. பாக்கி முந்நூறு ரூபாய்.