கமலாசனியின் காய்ச்சல் நாள்

வட்டக்கச்சி வீரகத்தியின் மூத்த மகள் கமலாசனிக்குப் பயம் லேசில் வராது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். ஆண்பிள்ளை இல்லாத வீடு. வயலில் யானை இறங்கினால் தகப்பனோடு காவல் கொட்டிலில் நின்று தகரம் அடிப்பவள் அவள்தான். பதினேழு வயது, படிப்பில் வலு கெட்டிக்காரி. வீட்டில் தகராறே அந்தப் படிப்பால்தான்.

தாய் சிவனேஸ்வரி கடைசிப் பேற்றுக்குப் பிறகு படுக்கையை விட்டு எழும்பவில்லை. சின்னதுகளைப் பார்க்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்து, யப்பானில் நடக்கும் சர்வதேச இளைஞர் சமாதான முகாமுக்கு வன்னியிலிருந்து ஒரு பெண்பிள்ளையை எடுக்கப்போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வீரகத்தி ஒரே பேச்சாகச் சொன்னார்.

“உன்னை எடுத்தாங்கள் எண்டால் போ, வந்து படி, நான் மறிக்கேல்லை. எடுக்காட்டி அடுத்த நாளே பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வீட்டிலை நில்.”

“ஓம் அப்பு,” என்றாள். வேறென்ன சொல்ல?

அது அறுபத்தெட்டாம் ஆண்டு. ஒழித்துவிட்டோம் என்று பெரியவர்கள் மார்தட்டிக்கொண்ட மலேரியா திரும்பி வந்து வீட்டுக்கு வீடு பாய் விரித்திருந்தது. கமலாசனிக்கும் முறைக்காய்ச்சல். ஒருநாள் மத்தியானம் திரும்பியதும் நடுக்கம்; மறுநாள் ஒன்றுமே இல்லை; அதற்கு அடுத்த நாள் மறுபடி நடுக்கம். வரச் சொன்ன விருந்தாளிகூட இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. நேர்முகம் புதன்கிழமை என்றதும் எண்ணிப் பார்த்தாள். புதன் சுகமாயிருக்கும் நாள். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தாள்.

கடவுள் திறந்தாரோ என்னவோ, பிள்ளைகளைத் தெரிவு செய்யக் கொழும்பிலிருந்து வந்த கனவானின் கார் வழியில் அச்சு முறிந்து நின்றது. வியாழன்தான் வருவார் என்று தந்தி வந்தது. கிளிநொச்சியில் கூடியிருந்த பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலேயே தங்க வைத்தார்கள். அன்று மத்தியானம் முல்லைத்தீவுப் பிள்ளை ஸுஹறா ஒரு மூலையில் சுருண்டு கிடந்தாள். பல்லோடு பல் அடித்தது. அவளுக்கும் அதே காய்ச்சல், அவளுடைய முறை அந்தப் புதன். கமலாசனி பாய்களை அள்ளி அவள்மேல் போட்டு, தானும் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

“ஆரிட்டையும் சொல்லிப்போடாதை, கமலா.”

“எனக்கு நாளைக்கு. நீயும் சொல்லாதை,” என்றாள் கமலாசனி.

வியாழன் காலை கனவான் தில்லைநாதன் வந்து கதிரையில் அமர்ந்தார். முதல் பேச்சே காய்ச்சலைப் பற்றித்தான். “ஒருத்தருக்குக் காய்ச்சல் எண்டாலும் எல்லாற்றை இரத்தத்தையும் சோதிச்சுப்போட்டுத்தான் எடுப்பம். காய்ச்சல்காரரைக் கப்பலிலை ஏத்த ஏலாது.” பிறகு ஒவ்வொருவராக எழும்பித் தங்களை அறிமுகம் செய்யச் சொன்னார். ஸுஹறா தகப்பனின் கடையையும் ஊர்க் கடலையும் பற்றிக் கணீரென்று பேசினாள். கமலாசனியின் முறை வரும்போது கனவானுக்குப் பசி வந்துவிட்டது. பாவி மனிதர், நண்டுக்கறியை ஆற அமரச் சுவைத்து, வெற்றிலையும் போட்டுத் திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அவள் எழும்பும்போதே முதுகில் குளிர் ஏறிவிட்டது. “என் பெயர் வீரகத்தி கமலாசனி,” என்றாள். அடுத்த வசனம் வாய்க்குள் உடைந்தது. கை, கால், தாடை எல்லாம் தன்பாட்டில் ஆடின.

“ஏன் பிள்ளை நடுங்கிறீர்? காய்ச்சலோ, பயமோ?”

காய்ச்சல் என்று சொன்னால் எல்லாருடைய இரத்தத்தையும் சோதிப்பார்கள்; பிறகு யப்பான் அவளுக்கும் இல்லை, ஸுஹறாவுக்கும் இல்லை. ஸுஹறா கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் கமலாசனிக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கார் பழுதாகாமல் இருந்தால் நேற்று இந்த இடத்தில் ஆடிக்கொண்டு நின்றிருப்பவள் அவள்தானே! நானில்லை என்றால் நீயும் வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் பாய்களுக்கு அடியில் கட்டிப் பிடித்துக் கிடந்த உடம்பு அது. சொல்ல மனம் வரவில்லை.

“பயம்தான், ஐயா.”

கனவான் சிரித்தார். “எங்களுக்கு முன்னாலையே இப்பிடியெண்டால் வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு முன்னாலை என்ன செய்வீர்? இரும், இரும்.”

பின்னேரம் ஸுஹறாவின் பெயரைச் சொன்னார்கள். வாசலில் வண்டிலோடு நின்ற வீரகத்தி மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. சாக்கை எடுத்து அவளைச் சுற்றிப் போர்த்தார். கரடிப்போக்குச் சந்தி தாண்டும்வரை வண்டில் குலுங்காமல் மாட்டை மெல்ல ஓட்டினார். மனம் இளகிவிட்டது என்று அவள் நம்பினாள்.

“நாளைக்கு வெள்ளன எழும்பு, பிள்ளை. கொம்மாவுக்குக் கஞ்சி வைக்கவேணும்,” என்றார் அவர், மாட்டைப் பார்த்தபடி.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவள் உடம்பில் ஒரு நோவும் இல்லை. குசினிக்குள் உலை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். நேர்முகத்துக்கென்று பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரு சொல் பிசகாமல் வந்தது.

“என் பெயர் வீரகத்தி கமலாசனி. எங்கள் வயலுக்கு யானைகள் வரும். நான் எதற்கும் பயப்படாதவள்.”

உலை கொதித்தது. அரிசியைப் போட்டாள்.