பெரியம்மாவுக்கு நான் மகளான காலை

சண்டை முடிந்த அடுத்த வருசம் எங்கள் ஊரில் நிவாரண அட்டைகளைப் புதிதாகப் பதிந்தார்கள். வீட்டு வருமானத்தை வீட்டிலுள்ள ஆட்களின் எண்ணிக்கையால் பிரித்துப் பார்ப்பார்கள். தலைக்கு இவ்வளவுக்கு மேல் வந்தால் அட்டை இல்லை. பெரியம்மா கொக்கட்டிச்சோலையில் ஒரு மில்லில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூலி ஒரு ஆளுக்குச் சற்றுக் கூட. இரண்டு பேருக்கென்றால் குறைவு. பெரியம்மா ஒரே ஆள். சுனாமிக்குப் பிறகு கடற்கரையை விட்டு, வாவியைக் கடந்து வந்து, எங்கள் வளவிலேயே கொட்டில் போட்டுத் தனியாகச் சமைத்தார்.

யோசனை அம்மாவுடையது. ஊர் வயல்வெளியான வட்டையில் சொந்த வயல் இருந்ததால் எங்களுக்கு எப்படியும் அட்டை கிடையாது. ஆகவே என் பெயரைத் தன் அக்காவின் பக்கம் எழுதுவதால் யாருக்கும் நட்டமில்லை என்றார். பெரியம்மா இரண்டு நாள் மறுத்தார். பிறகு பேசாமல் இருந்தார். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயது. அட்டை பதிய வீடு வீடாக வரும் விதானையார் கேட்டால் பெரியம்மாவை அம்மா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. பள்ளி நாடகங்களில் எனக்கு மரமாக நிற்கும் வேசம்தான் தருவார்கள். வசனம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. அவர் வருவதற்கு முதல் நாளே என் புத்தகப் பையையும் இரண்டு சட்டைகளையும் கொண்டுபோய்க் கொட்டிலில் வைத்துவிட்டேன்.

விதானையார் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். கதிரையில் இருந்து, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, நீ யாருடைய பிள்ளை என்று என்னிடமே கேட்டார். நான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"இவங்கதான் எங்கட அம்மா. இவங்களோடதான் நான் படுக்கிற."

அவர் தலையாட்டிவிட்டுப் பேனையைத் திறந்தார். பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பெரியம்மா சொன்னார்.

"எழுதாதீங்க ஐயா. இது தங்கச்சிட பிள்ளை. என்ட பிள்ளை கடலோட போயிற்று. நான் ஒரு ஆள்தான்."

விதானையார் ஆட்களின் எண்ணிக்கையை ஒன்று என்று எழுதிக்கொண்டு எழும்பிப் போனார்.

அட்டை வரவில்லை. அம்மா ஒரு கிழமை பெரியம்மாவோடு கதைக்கவில்லை. பெரியம்மா வழக்கம்போல விடிய எழும்பி மில்லுக்குப் போனார்.

நான்தான் வசனத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று பயந்து, ஒரு பின்னேரம் அவரிடமே போய்க் கேட்டேன். ஒரு பிழையும் இல்லை, நல்ல வடிவாகத்தான் சொன்னாய் என்றார். வடிவாகச் சொல்லியும் ஏன் அட்டை கிடைக்கவில்லை என்று நான் கன நாள் யோசித்துக்கொண்டு திரிந்தேன்.