அப்பா சாய்ந்த கதவு

போன மாதம் ஓவியக் கல்லூரி மாணவி ஒருத்தி என்னைத் தேடிக்கொண்டு எர்ணாவூர் வரைக்கும் வந்தாள். கையில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். அதைப் பிரித்து என் மடியில் வைத்தாள். ஒரு பக்கம் முழுவதும் எங்கள் பழைய வீட்டுக் கதவு. எதிர்ப்பக்கத்தில் என் மாமாவின் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம். தத்துவம் எழுதுகிறவர்களின் கட்டுரைகள் இன்றைய கலையை எப்படி மாற்றின என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். அதற்கு எங்கள் கதவு முக்கியமான சான்றாம். கண்காட்சியிலிருந்து விலைக்குக் கைமாறிப் போன அந்தக் கதவு இப்போது வடக்கே யாரோ ஒரு பணக்காரரின் வீட்டில் இருக்கிறதாம்.

"உங்க மாமா எதுக்காக அதைத் துடைச்சு வெறுமையா ஆக்கினாரு? உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

புதிய மனிதர்களிடம் எனக்குப் பேச்சு வராது. பத்தாவதோடு நின்றவள் வேறு. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மாமா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கதவுக்குப் பிறகு அவர் எதையும் செய்யவில்லை. எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் டேங்குகளில் எண் எழுதும் வேலைக்குப் போனவர், கடைசிவரை எண்களையே எழுதிக்கொண்டிருந்தார். அதற்கும் புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கிறது. அவர் மௌனமாகிவிட்டதும் ஒரு கலைதானாம். மாணவி தமிழில் சொல்லிக் காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரே அறை, ஒரே கதவு. அப்பா ஹார்பரில் நிலக்கரி இறக்கும் கூலி. வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிடுவார். அம்மா கொடுக்கும் டீயைக் குடித்த பிறகுதான் குழாயடிக்குப் போவார். குளிச்சிட்டு வந்து சாய்ஞ்சா இன்னா என்று அம்மா தினமும் திட்டுவாள். அவர் தினமும் சாய்ந்தார். கதவு வானநீலப் பெயின்ட் அடித்தது. பத்து வருடத்தில் அதன் உட்பக்கத்தில் கரியும் வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்து ஒரு ஆள் படிந்துவிட்டான். வட்டமாகத் தலை, ஒன்று சற்று இறங்கிய இரண்டு தோள்கள், அகலமான முதுகு.

எனக்கு ஏழு வயதாகும்போது அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய புகைப்படம் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. கல்யாணத்தில் எடுத்தது. மாலை பாதி முகத்தை மறைத்துவிட்டது. அதன் பிறகு வந்த பொங்கல்களில் அம்மா சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தாள். கதவின் உட்பக்கத்தை மட்டும் தொடவில்லை. எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இன்னாமே, கதவ வுட்டுட்ட?" என்று கேட்டால், "அது கெடக்கட்டும்" என்பாள்.

அப்பா போன பிறகு அம்மாவின் தம்பி எங்களோடு வந்து தங்கினார். அவர்தான் மாமா. ஓவியக் கல்லூரியில் படித்து முடித்திருந்தார். பகலில் லாரிகளுக்குப் பெயர் எழுதுவார். மற்ற நேரத்தில் ஒரு ஜெராக்ஸ் கட்டையும் கிழிந்த அகராதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கட்டில் இருந்தவை யாரோ வெள்ளைக்காரத் தத்துவவாதிகளின் கட்டுரைகள். ஒரு பக்கத்தைப் படிக்க அவருக்கு மூன்று நாள் ஆகும். மூன்று நாளும் படித்ததை அம்மாவிடம் சொல்வார். அம்மா பருப்பு மில்லில் புடைத்துவிட்டு வந்து, வீட்டிலும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"க்கா, இவுரு இன்னா சொல்றாருன்னா, ஒரு சாமான் புச்சா கீற வரைக்கும் அது கடைக்காரன் சாமான். ஒருத்தன் கை பட்டு, முதுகு பட்டு தேஞ்ச பொறவுதான் அதுல மனுசன் குடி வர்றான்."

"இத்தக் கண்டுபுடிக்க அம்மாம் பெரிய பட்ப்பா? நம்ப அம்மிக்கல்ல ஒரு தபா பாத்துருந்தான்னா ஒரே நாள்ல எய்தி முட்சிருப்பானே."

"அம்மிய யாரும் பாக்க மாட்டாங்கோ க்கா. அதான் மேட்டரே. யாராச்சும் அத்த தூக்கிக்கினு போயி ஒரு ரூம்புல வெச்சாதான் பாப்பாங்கோ."

"அப்பொறம் சட்னிய எதுல அரைக்கறது?"

மாமா சிரித்துச் சிரித்து இருமுவார். ஆனால் அந்தக் கட்டுரைகள் அவரை எங்கேயோ பிடித்துவிட்டன. அதுவரை ஹார்பர் ஆட்களை வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். அவற்றை எந்தக் கண்காட்சியிலும் எடுத்துக்கொள்ளவில்லை. படிக்கப் படிக்க வரைவதை நிறுத்திவிட்டார். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் ஒருநாள் கதவைப் பார்த்தார்.

நகரத்துக்குள் நடக்கவிருந்த ஒரு பெரிய கண்காட்சிக்கு எழுதிப் போட்டார். இடம் கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்த முதல் இடம் அது. கதவைக் கேட்டதும் அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது மாமாவே ஆரம்பித்தார். என் அப்பாவை அவர் மச்சான் என்றுதான் சொல்வார்.

"மச்சான் எத்தினி கப்பல் கரிய எறக்கிருப்பாரு? ஒருத்தனாச்சும் அவுரு மூஞ்ச நின்னு பாத்துருப்பானா? இப்ப பாக்கட்டும்க்கா. பெரிய பெரிய ஆளுங்கோ வருவாங்கோ. அவுரு முன்னாடி நிக்கட்டும்."

அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். பிறகு, "பத்து நாளு, அவ்ளோதான? அப்பிடியே கொண்டாந்துரணும், ஆமா" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. அந்தப் பேச்சில் எனக்குப் புரிந்தது இதுதான். அப்பாவைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள்.

கரி வேலை செய்கிறவர்கள் வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாலு பேர் இருக்கும் இடத்துக்குக் கரியோடு போகக் கூடாது. அப்பா கல்யாணத்துக்கோ சாவுக்கோ கிளம்பினால், குழாயடியில் தேங்காய் நாரும் சோடா உப்பும் போட்டு, தோல் சிவக்கும் வரை தேய்த்துக்கொள்வார். காதுக்குப் பின்னால் இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்வார். பள்ளிக்கூடம் போகும்முன் எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லோரையும் அப்படித்தான் தேய்த்து அனுப்புவார்கள். அப்படியும் வகுப்பில் எங்களைக் கரிமூட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் அப்பா கரியோடு போய் நின்றால் அவர்களும் அவரைக் கரிமூட்டை என்பார்களே. பெரியவர்கள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கதவு போகவேண்டிய நாள் சனிக்கிழமை. எனக்கு அரைநாள் பள்ளி. அம்மா மில்லில் இருந்தாள். மாமா காலையிலேயே கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, மீன்பாடி வண்டி பேசப் போயிருந்தார். நான் ஒரு பக்கெட் தண்ணீரும் சோடா உப்பும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் தோள் போனது. தலை சுலபத்தில் போகவில்லை. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடீ பண்ற?"

"கதவு கண்காட்சிக்குப் போவுதுக்கா. எங்கப்பாவப் பாக்க வர்றாங்கோ."

"தண்ணியப் போட்டு தேச்சா எண்ண எறங்குமா? இரு, கிருஷ்ணாயில் தர்றேன். பளிச்சுனு ஆய்டும் பாரு."

அவள் மண்ணெண்ணெயை ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கெட்டிக்காரி" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். நான்கு மணிக்கு எல்லாம் போய்விட்டது. வானம் மாதிரி நீலம். நான் பிறந்ததிலிருந்து பார்க்காத நீலம். என் இரண்டு உள்ளங்கைகளும் தோலுரிந்து எரிந்தன. அதைக்கூடப் பெருமையாகவே நினைத்தேன்.

மாமா வண்டியோடு வந்தார். கதவைப் பார்த்தார். என்னையும் பக்கெட்டில் இருந்த கறுப்புத் தண்ணீரையும் பார்த்தார். வண்டிக்காரர், "இன்னா மாமு, ஏத்தலாமா?" என்று கேட்டது அவர் காதில் விழவில்லை. அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அம்மா அடிப்பதற்குக் காரணம் தேடுகிறவள் அல்ல. கோபம் வந்தால் உடனே கை ஓங்குவாள். அன்று ஓங்கவில்லை. கதவின் முன்னால் நின்றாள். பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எரியுதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

உள்ளே கூட்டிப்போய்த் தேங்காய் எண்ணெய் தடவினாள். கதவில்லாத வாசல் வழியாகத் தெருவே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே மாமா, "வாணாம்க்கா, நான் போவல" என்றார். அம்மா என் கையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"எத்துக்கினு போ. எடம் குட்த்துட்டாங்கோ இல்ல? உனுக்காச்சும் ஆவட்டும்."

மாமா கொண்டுபோனார். முன்பே எழுதிவைத்திருந்த அட்டையையும் கொண்டுபோனார். அதில் 'மச்சான்' என்று மட்டும் இருந்தது.

திறப்பு நாளுக்கு எங்களை அழைத்துப் போனார். எனக்கு இப்போதும் அந்த மண்டபத்தின் குளிர்ச்சி நினைவிருக்கிறது. சுற்றிலும் என்னென்னவோ இருந்தும், கூட்டம் எங்கள் கதவின் முன்னால்தான் நின்றது. தாடி வைத்த பேராசிரியர் ஒருவர், கரிக் கூலியின் முதுகு படிந்த கதவு என்று மாமா முதலில் எழுதிப் போட்டிருந்ததைக் கண்காட்சிக் கையேட்டில் படித்துவிட்டு, அட்டையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். உழைத்தவன் ஒருவன் துடைத்து எடுக்கப்பட்டிருக்கிறான், அவன் இல்லாததைத்தான் நாம் பார்க்கிறோம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். ஏதோ ஒரு தத்துவவாதியின் பெயரைச் சொல்லி, "அந்தக் கட்டுரையைப் படிச்சிருக்கீங்களா?" என்று மாமாவைக் கேட்டார். மாமாவின் ஜெராக்ஸ் கட்டில் இருந்த அதே பெயர். படித்திருக்கிறேன் என்று மாமா தலையை மட்டும் அசைத்தார்.

நான் பெரியவர்களுக்கு நடுவில் வாயைத் திறக்கிற பிள்ளை அல்ல. அன்று எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "நான்தான் கழுவினேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "பாருங்க, குழந்தையையும் இதில் சேர்த்திருக்கிறார்!" என்று பேராசிரியர் மாமாவின் முதுகில் தட்டினார். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பாராட்டு எனக்கு வந்ததில் அவருக்கு வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் வேறு பக்கம் நகர்ந்த பிறகு அம்மா கதவுக்கு அருகில் போனாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் விழும் கோணத்தில் பார்த்தாள். பிறகு மறுபக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். இறங்கிய தோள் இருந்த இடத்துக்கு நேரே மெதுவாகக் கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதீங்கம்மா" என்று ஓரத்தில் நின்ற காவலாளி குரல் கொடுத்தார்.

"எங்க வூட்டுதுதாம்பா."

"யாரு வூட்டுதா இருந்தா இன்னா? தொடக் கூடாது."

அம்மா கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நான் சரியாகத் தேய்த்திருக்கிறேனா என்றுதான் அவள் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். "நல்லா தேச்சுட்டேம்மா. ஒரு எடம்கூட வுடல" என்றேன்.

அம்மா கதவைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆமா கண்ணு. ஒரு எடம்கூட வுடல."

பஸ்ஸில் திரும்பும்போது, பேராசிரியர் சொன்னதைவிட அம்மா சொன்னதுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.